எனக்குத் தமிழ் தெரியாது என்று நடித்த வருஷம்

எனக்குத் திக்குவாய். எண்பதுகளில் ஓசூரில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அதை மறைக்கப் பிரமாதமான வழி ஒன்று கண்டுபிடித்தேன். யாராவது தமிழில் பேசினால் கன்னடத்தில் "கொத்தில்லா" என்பேன். தெரியாது என்று அர்த்தம். கன்னடத்தில் கேட்டால் தெலுங்கில் "தெலீது". அந்த இரண்டு வார்த்தைக்கு மட்டும் நாக்கு மக்கர் பண்ணாது. மூன்று பாஷையிலும் ஊமையாக ஒரு வருஷம் ஓட்டினேன்.

பிறகு பக்கத்து ஊரான பாகலூரில், திக்குவாய்க்காரர்களே ஞாயிறுதோறும் நடத்திய பயிற்சியில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்த லேத் ஆபரேட்டருக்கும் திக்கும். "ம-மறைக்கிறதுதான்யா வியாதி. நாளைக்கு ஒருத்தர்கிட்டயாவது உண்மையைச் சொல்லு" என்றார். தலையாட்டினேன், சொல்லவில்லை.

அந்த வாரமே, ஃபவுண்டரியில் கூட வேலை பார்த்த மதுரைக்கார செல்வம் அண்ணன் தலைக்கு மேலே, சங்கிலியில் தொங்கிய இரும்பு அச்சு நழுவியது. "வி-வி-வி..." 'விலகுங்க' வருவதற்குள் அச்சு வந்துவிடும். பாய்ந்து அவரைத் தள்ளினேன். அவர் நின்ற இடத்தில் தரை பெயர்ந்தது.

"வாயத் தொறந்து சொல்ல மாட்டியாடா?" என்று கத்தியவர், "அட, உனக்குத்தான் தமிழ் தெரியாதே" என்றார்.

"தெ-தெ-தெரியும்ணே. தி-திக்கும்."

"பாவி! உன்கூடப் பேசணும்னு ஒரு வருஷமா கன்னடம் கத்துக்கிட்டிருக்கேன்டா!"

அதன் பிறகு எந்த ஷிப்டுக்கு மாறினாலும் முதலில் சொல்லிவிடுவேன்: "எனக்குத் தி-திக்கும். ஆபத்துன்னா கத்த மாட்டேன், தள்ளிடுவேன். கோவிச்சுக்காதீங்க." எவ்வளவு நேரமானாலும் இதை முழுசாகச் சொல்லி முடிக்காமல் கையுறை மாட்டியதில்லை.