தொடாதய்யாவின் இடது கால்

தொடாதய்யா, வந்தவரின் கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணை மூடி, தீர்ப்பெழுதும் நீதிபதியைப் போல யோசித்தார்.

"வாசனையா இருக்கீங்களே தம்பி. என்ன தடவியிருக்கீங்க?"

"சன்ஸ்கிரீன் சார்."

"போய் நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. பைப் பின்னாடி இருக்கு. வெயில் சுட்டா நாம முழுக்கைச் சட்டை போட்டுக்கலாம். அதுங்களுக்குச் சட்டை கிடையாது."

'அதுங்க' என்றால் கடலுக்கடியில் இருக்கும் பவளங்கள். பூச்சு கரைந்து தண்ணீரில் கலந்தால் அவற்றுக்கு ஆகாதாம். சொந்தக்காரர்களைப் பற்றிக்கூட அவர் இவ்வளவு கரிசனமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆட்களுக்கு சிலிண்டர் மாட்டிக் கடலுக்குள் கூட்டிப்போவது அவர் தொழில். கூட்டிப்போகாமல் இருக்க என்ன காரணம் கிடைக்கும் என்று தேடுவது அவர் பொழுதுபோக்கு. "தொடாதய்யா!" என்று நாளெல்லாம் கத்திக் கத்தி, அதுவே பேராகிவிட்டது. தபால்காரர்கூட "தொடாதய்யா வீடு எது?" என்றுதான் கேட்கிறார்.

கழுத்துச் சோதனையில் தேறியவர்களுக்கு அடுத்ததாகப் பரீட்சை. கரையோரம், தண்ணீருக்குள், வெறும் மணல் தரைக்கு மேலே, கையைக் கட்டிக்கொண்டு ஏறாமல் இறங்காமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். கை ஆடினால் பெயில். கால் உதைத்தால் பெயில். தேறாதவர்களுக்குப் பவளப்பாறை கிடையாது. மணலைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கரையேற்றிவிடுவார். முகம் சுருங்கினால் ஆறுதலும் சொல்வார்: "மணலும் பார்க்க நல்லாத்தாங்க இருக்கும். நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்."

அதையும் தாண்டிப் பாறைக்குப் போய், அங்கே எதையாவது உடைத்துவிட்டால் தண்டனை கடுமையானது. சீசன் முடியும்வரை அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "அலை தள்ளிடுச்சு சார்." அவரும் ஒரே மாதிரிதான் கேட்பார்: "அலைக்கு உங்க மேல என்னங்க விரோதம்?"

வீட்டிலும் இதே கதைதான். சுவரில் சாய மாட்டார். அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே பக்கவாட்டில், மூச்சை அடக்கிக்கொண்டு போவார். கூட்டமான பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் கையைக் கட்டி நின்று, பிரேக் போட்டதும் முன்சீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்த வரலாறும் உண்டு.

படகை ஓட்டுபவர் அவர் மனைவி. அந்த அம்மாவும் இதே டைவிங்கைத்தான் படித்தவர். "ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. அவருக்குப் பாஸ், எனக்கு முதல் மார்க்" என்பார். ஆனால் மேலே ஒருவர் படகைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யார் என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை, முடிவாகியிருந்தது.

அந்தப் படகு, அம்மாவின் அண்ணன் பேரில் இருக்கிறது. அவருக்கு டைல்ஸ் கடை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, படகைக் கையால் தட்டிப் பார்த்து, "நம்ம படகு எப்படி ஓடுது மாப்ளே?" என்று கேட்பார். 'நம்ம' என்பதில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாகவே விழும். இந்த வருஷம் அவருக்கே கடலுக்குள் இறங்கும் ஆசை வந்துவிட்டது.

முதல் நாள் பரீட்சையில் செங்கல் மாதிரி இறங்கி மணலில் உட்கார்ந்தார். தொடாதய்யா பெயில் போட்டார். "என் படகுல வந்து நானே பெயிலா?" என்று மச்சான் குதித்தார். குதித்தாலும் ரோஷக்காரர், ஒரு வாரம் தினமும் இறங்கிப் பழகி, தொந்தியும் தானுமாக அந்தரத்தில் நின்றே காட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் தொடாதய்யா பாஸ் போட்டார். போட்டாரே தவிர நம்பவில்லை.

பாறைக்கு மேலே நங்கூரம் போடாமல், அங்கே நிரந்தரமாக மிதக்கும் மிதவையில் படகைக் கட்டினார்கள். இறங்கினார்கள். மச்சான் மேல்தான் தொடாதய்யாவின் கண் முழுக்க. கல்யாண ஜோடிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போகும் போட்டோக்காரரைப் போல, மச்சானைப் பார்த்தபடியே பின்னோக்கி நீந்தினார். மச்சானோ தலைமையாசிரியர் அறைக்கு வந்த பையனைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு சமர்த்தாக வந்தார். அந்தச் சமர்த்தே தொடாதய்யாவுக்குச் சந்தேகமாக இருந்தது. இன்னும் உற்றுப் பார்த்தார்.

சாக்பீஸ் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

திரும்பிப் பார்த்தார். முழங்கை நீளப் பவளக் கிளையொன்று மணலில் கிடந்தது. அவருடைய இடது காலில் மாட்டிய ஃபின் துடுப்பு இன்னும் அதற்கு மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. மற்ற விருந்தாளிகள் தள்ளி ஓர் ஆமையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் அன்று முதன்முறையாகக் கட்டிய கையைப் பிரித்து, ஒற்றை விரலால் அந்தக் கிளையைச் சுட்டிக்காட்டினார். வாயில் குழாய் இருந்ததால் சிரிக்க முடியவில்லை, கண்ணால் சிரித்தார்.

மேலே வந்ததும் மச்சான் ஒட்டி உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, நான் ஒண்ணும் பார்க்கல."

தொடாதய்யா இடது கால் ஃபின்னைக் கழற்றினார்.

"நாளைக்கு என் வியாபாரக் கூட்டாளிங்க வராங்க. இந்த மோந்து பார்க்கறது, கையைக் கட்டி நிக்கறது எல்லாம் வேண்டாம். நேரா பாறைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஞாபகார்த்தமா ஆளுக்கொரு துண்டு ஒடிச்சாலும் கண்டுக்காதீங்க. படகும் அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்கும்."

"மச்சான், அது… அலை…" என்று ஆரம்பித்த தொடாதய்யா, தன் வாயிலிருந்து வந்த சொல்லைத் தானே கேட்டுவிட்டு நிறுத்தினார். எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. கீழ ஒரு கிளை உடைஞ்சிருக்கு. உடைச்சது நான். இந்த சீசன் முழுக்க நான் பாறைக்கு இறங்க மாட்டேன்."

காலையில் கழுத்தைக் கழுவிக்கொண்டு வந்த தம்பி, அவர் வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்: "அலைக்கு உங்க மேல என்ன சார் விரோதம்?" சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தொடாதய்யா தலையைக் குனிந்து அதையும் வாங்கிக்கொண்டார்.

மச்சானுக்குத்தான் பொறுக்கவில்லை. "பாத்தியாம்மா உன் புருஷனை! நல்லது சொன்னா நடுப்படகுல ஏறி நின்னு ஒப்பாரி வைக்கறாரு. இந்தப் படகை இன்னிக்கே நான் எடுத்துக்கறேன்!"

"தாராளமா எடுத்துக்கோண்ணே" என்றார் அம்மா, ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்து. "ஓட்டத் தெரியுமா?"

மச்சான் நான்கு பக்கமும் பார்த்தார். நான்கு பக்கமும் தண்ணீர்.

"உன் கூட்டாளிங்களும் வரட்டும். பரீட்சை உண்டு. நான் வைக்கறேன். எனக்கு இவரே பரவாயில்லன்னு அவங்களைச் சொல்ல வைப்பேன்."

மச்சான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மிதவையையே முறைத்துவிட்டு, "எல்லாருக்கும் என்னை விடப் பெரிய தொந்திம்மா. பார்த்து மார்க் போடு" என்றார்.

அடுத்த முறை இறங்க விருந்தாளிகள் தயாராகி, யார் கூட்டிப்போவது என்று விழித்தார்கள். தொடாதய்யா மனைவியைப் பார்த்தார்.

"நீ போ."

"படகு?"

"நான் பார்த்துக்கறேன்."

"எத்தனை வருஷமாச்சு. எல்லாம் மறந்து போயிருக்கும்."

"முதல் மார்க்குக்கு மறக்குமா?"

அம்மா கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு பலகையில் உட்கார்ந்தார். தொடாதய்யா கீழே, ஈரத் தரையில் மண்டியிட்டு, மனைவியின் பாதத்தை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு ஃபின்னை மாட்டினார். பட்டையை இழுத்து, இறுக்குகிறதா என்று குதிகாலருகே ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார். கொஞ்சம் தளர்த்தினார். பிறகு அடுத்த காலுக்குக் கையை நீட்டினார்.