விளக்கு ஏற்றாமல் திறக்காத பாடம்

எங்கள் பள்ளியில் பிள்ளைகளைவிட விழாக்கள் அதிகம். மந்தின் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது பள்ளி. தோட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டன. ஆனாலும் தண்ணீர்த் தொட்டிக்குச் சாயம் பூசினால்கூடக் குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை என்று ஒன்று குறையாமல் நடக்கும். யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் இங்கே குழாயில் தண்ணீர் வராதோ என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு வாய் நீளம் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் பாடம் நடத்தும் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை. மக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம், கெட்டிக்காரி. காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் வினையே. பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு, விரலைப் புத்தகத்தில் ஓட்டியபடி ஒப்பித்துத் தப்பித்துவிடுவாள். அடுத்த ஆண்டு மூன்றாம் வகுப்பு, அங்கே கணக்குகூட வாக்கியமாக வரும். அதற்குள் எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் எல்லாப் பாடமும் அவள் கையைவிட்டுப் போய்விடும். எனக்கு அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது.

அவள் அம்மாவுக்குச் செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். வீட்டில் இருப்பது ஒரே ஹென்போன், அது அம்மாவோடு வேலைக்குப் போய்விடும்.

"நான் குளிச்சிட்டு வேலைக்கு மோட்டார் சைக்கிள எடுக்கிற வரைக்கும் போன் அவகிட்டதான் டீச்சர் இருக்கும். அந்த நேரத்துக்கு ஏதாச்சும் செஞ்சு குடுங்களேன்" என்றார்.

அதற்காகத்தான் போனில் ஓடும் பாடம் செய்ய ஒரு மென்பொருளைப் பிடித்தேன். காசு இல்லாதது, திறந்த மூலம், யாரும் இறக்கிக்கொண்டு பாடம் செய்யலாம், பிறர் செய்த பாடத்தைப் பிரித்து மாற்றவும் செய்யலாம். முதல் பக்கத்தில் ஒரு கோழிப் படம். கோழியைத் தொட்டால் என் குரல் கேட்கும். கீழே சிதறிக் கிடக்கும் எழுத்துகளை விரலால் இழுத்து வரிசையில் வைக்க வேண்டும். சரியாக வைத்தால் கோழி கொக்கரிக்கும், தப்பாக வைத்தால் சும்மா பார்க்கும். அடுத்து வாளி, மோட்டார், செம்பனைக் குலை. எல்லாம் தோட்டத்தில் நானே எடுத்த படங்கள். அந்தக் கோழி என்னைக் கொத்த வந்தது தனிக்கதை.

ஆசிரியர் கூட்டத்தில் காட்டச் சொன்னார் தலைமையாசிரியர். காட்டினேன். பெற்றோர் சங்கத் தலைவரும் வந்திருந்தார், கறிபாப் பலகாரம் இருக்கும் கூட்டத்தை அவர் தவறவிட்டதில்லை.

"நல்லாருக்கு டீச்சர். ஆனா மொட்டையா இருக்கு லா" என்றார் தலைமையாசிரியர்.

"எடுத்த எடுப்புல கோழியா?" என்றார் சங்கத் தலைவர். "ஒரு மரியாத வேணாம்? பள்ளிக்கூடத்து பேர்ல வெளிய போவுது."

அவ்வளவுதான், கோழி பின்னால் போனது. முன்னால் குத்துவிளக்கு ஏற்றும் காணொளி வந்தது. பிறகு கடவுள் வாழ்த்து, தலைமையாசிரியரின் வரவேற்புரை, சங்கத் தலைவரின் வாழ்த்துரை, திறப்பு விழாவுக்கு வரப்போகும் சிறப்பு விருந்தினர் கைகூப்பி நிற்கும் படம். நன்றியுரையையும் முன்னாலேயே வைக்கச் சொன்னார்கள். பின்னால் வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்களாம். இதில் மட்டும் அவர்களுக்கு ஞானம் இருந்தது.

"பிள்ளைங்க தாண்டிப் போயிட்டா?" என்று சங்கத் தலைவருக்குச் சந்தேகம்.

அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. ஒரு பக்கத்தை முடிக்காமல் அடுத்த பக்கம் திறக்காதபடி பூட்டிவிடலாம். கூட்டல் தெரியாத பிள்ளை கழித்தலுக்கு ஓடக்கூடாது என்று யாரோ நல்ல மனிதர் செய்து வைத்தது. அதை எடுத்து வரவேற்புரைக்குப் பூட்டுப் போட்டது உலகத்திலேயே எங்கள் பள்ளியாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் நேரமே கொஞ்சம் என்று எவ்வளவோ சொன்னேன். "சபை மரியாதையும் படிப்புதான் டீச்சர்" என்றார் தலைமையாசிரியர். பாடத்தை ஏற்ற வேண்டிய பள்ளி இணையப் பக்கத்தின் கடவுச்சொல் அவரிடம் இருந்தது, வேறு வழியில் அனுப்பக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

திறப்பு விழாவுக்குச் சிரம்பானிலிருந்து சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். பொத்தானை அழுத்தினார். திரையில் விளக்கு எரிந்தது, பேச்சுகள் ஓடின, அவர் படம் வந்தது. கைதட்டினோம். அவரும் தட்டினார், தனக்கே. உடனே எல்லோரும் பசியாறப் போய்விட்டார்கள். கோழியை ஒருவரும் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு காலைச் சபைகூடலில் அந்தப் பிள்ளையை ஏதாவது பேசச் சொன்னார்கள். வந்து நின்றாள். "மேடையில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினர் அவர்களே" என்று தொடங்கி, முழு வரவேற்புரையையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். தலைமையாசிரியர் நடுவில் தொண்டையைச் செருமும் இடத்தில் அவளும் செருமினாள்.

"பாத்தீங்களா டீச்சர், உங்க பாடம் எப்படி வேல செய்யுது!" என்றார் தலைமையாசிரியர். கண் கலங்கியிருந்தது மனிதருக்கு.

வகுப்பில் கரும்பலகையில் 'கோழி' என்று எழுதி அவளைக் கேட்டேன். பலகையைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்தாள். தினமும் முதலிலிருந்து பேச்சுகள்தான் ஓடும், அதற்குள் அம்மா போனைத் திருப்பிக் கேட்டுவிடுவார், ஒருநாளும் கோழிவரை போனதில்லை என்று அவளை விசாரித்தபோதுதான் தெரிந்தது.

அன்று மத்தியானமே பாடத்தைப் பிரித்தேன். விளக்கு, வாழ்த்து, உரை, நன்றி, கூப்பிய கை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். அந்த மென்பொருளைச் செய்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இணைய லைன் இல்லாமலும் திறக்கும்படி ஒரே கோப்பாகக் கட்டி, அம்மாவின் போனுக்கு அனுப்பினேன்.

மறுநாள் பிள்ளை என் மேசையோரம் வந்து நின்றாள். முகத்தில் கலவரம்.

"டீச்சர், நேத்து கோழி நேரா வந்துருச்சு. யாருமே வெளக்கு ஏத்தல. நான் பயந்துட்டு மூடிட்டேன்."

"பயப்படாதம்மா. அப்படித்தான் வரணும். இப்ப தொடு" என்று என் போனில் கோழியைத் திறந்து வைத்தேன்.

அவள் என்னை நம்பவில்லை. இரண்டு கைகளையும் கூப்பினாள், கண்ணை மூடினாள். வரவேற்புரையைச் செருமல் உட்பட முழுதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கோழியைத் தொட்டாள்.