சனிக்கிழமைகளில் அவர் போன இடம்

என் கணவர் இறந்த பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. பெங்களூர் பொம்மனஹள்ளியில் எங்கள் வீடு இரண்டே அறை. அந்த இரண்டு அறைக்குள் காலையிலிருந்து நடப்பேன். துவைத்ததையே மறுபடி துவைப்பேன். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு உலை வைக்க மறந்துபோவேன். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். சபையார் வந்து, "ஆண்டவர் சமாதானம் கொடுப்பார்" என்றார்கள். எல்லோருக்கும் தலையாட்டினேன். அவர்கள் எப்போது எழுந்து போவார்கள் என்றுதான் மனசு பறந்தது.

பிறகு பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சிவாஜிநகர் வரை போய், அங்கே ஸ்டாண்டில் கொஞ்சம் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். சந்தாபுராவில் இருக்கும் என் மகள் போன் போட்டு, "எங்கம்மா இருக்கே? பஸ் சத்தம் கேக்குது?" என்பாள். "சும்னே, சும்மாதான் வந்தேன்" என்பேன். அதற்குமேல் அவளும் கேட்கமாட்டாள்.

உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. அவர் போன அன்று காலை, "நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது" என்றார். நான் தோசைக்கல்லைப் பார்த்தபடி, "ராத்திரி அவ்ளோ பஜ்ஜி தின்னா கரிக்காம என்ன பண்ணும்?" என்றேன். அவர் சிரித்தார். குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. வீட்டில் எங்கே நின்றாலும் என் குரல்தான் எனக்குக் கேட்டது. வேதத்தைத் திறந்தால் எழுத்துகள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய போன் அடித்தது. அதை நான் தினமும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருந்தேன். எடுத்ததும் ஒரு வயசான குரல், "அண்ணா, நாளைக்காவது வர்றீங்களா? ரொம்ப நாளா காணோமே" என்றது.

யாரென்று உடனே புரிந்தது. லேத் பட்டறை வேலையிலிருந்து ரிட்டயர் ஆன பிறகு, என் கணவர் சனிக்கிழமைதோறும் சிவாஜிநகர் பக்கம் ஒரு முதியோர் விடுதிக்குப் போய், படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்காக ஜெபம் பண்ணிவிட்டு வருவார். துணிக்கடையில் வேலை பார்த்தவர், சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், மனைவி இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். "நீயும் வாயேன்" என்று கூப்பிடுவார். தெரியாத இடத்தில் எனக்கு வாய் வராது என்று தட்டிக் கழிப்பேன்.

அந்தக் குரலிடம் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "நாளைக்கு வரோம்" என்றேன். 'வரோம்' என்று எப்படி வாயில் வந்ததோ.

மறுநாள் அந்த விடுதியை விசாரித்துக்கொண்டு போனேன். ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். நான் யார் என்று சொன்னேன். பிறகு என் கணவர் இறந்ததையும் சொன்னேன். அவர் போர்வையைத் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று, "நீங்கதானே ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பு போட்டுக்கிட்டு சர்ச்சுக்குப் போனது?" என்றார்.

அது நான்தான். கல்யாணமான முதல் வருஷம், ஈஸ்டர் விடியற்காலை ஆராதனைக்கு அவசரமாகக் கிளம்பினோம். பாதி வழியில்தான் என் கால்களைப் பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. அவர் தன் செருப்பைக் கழற்றி ஒரு மரத்தடியில் வைத்தார். "நீயும் கழட்டு, வெறுங்காலோட போலாம்" என்றார். திரும்பி வரும்போது அவர் செருப்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

"அன்னிக்கு மழைல நீங்க அழுதீங்களாமே?" என்றார் பெரியவர்.

"மழையே இல்லீங்க. நான் அழவும் இல்ல. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுது."

"அவரு மழைன்னுதான் சொன்னாரு."

"அவருக்கு எல்லாத்துலயும் கொஞ்சம் சேத்து சொல்லணும்!"

சத்தமாகச் சண்டை போட்டிருக்கிறேன் போலிருக்கிறது, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்த்தார். ஜெபம் பண்ணப் போனவர் வாரம் தவறாமல் என் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளம்பும்போது பெரியவர், "ஜெபம் பண்ணுங்கம்மா" என்றார்.

"எனக்குச் சத்தமா பண்ணத் தெரியாதுங்க."

"அவருக்கும் தெரியாது. ரெண்டு வரிதான் சொல்லுவாரு."

கண்ணை மூடினேன். "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் இங்க தனியா இருக்கோம், பாத்துக்கோங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை. பெரியவர் "ஆமென்" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த வாரம், மகளிடமும் பாஸ்டரிடமும் சொல்லாததைப் பெரியவரிடம் சொன்னேன். தோசைக்கல், பஜ்ஜி, நான் திரும்பிக்கூடப் பார்க்காதது, எல்லாவற்றையும்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அந்த வாரம் அவரு வந்திருந்தா இதையும் எங்கிட்ட சொல்லியிருப்பாரும்மா" என்றார். "'அவ இன்னா சொன்னா தெரியுமா'ன்னு சிரிச்சுக்கினே சொல்லியிருப்பாரு."

அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தக் குரல்கூட எனக்குக் கேட்டது. மூன்று மாதமாக என் குரலையே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, குளிக்கப் போகும் முன் அவர் சிரித்த சிரிப்பு அன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் ஆராதனைக்குப் போனேன். பாதியில் இரண்டு தடவை எழுந்து வெளியே வந்து நின்றேன். இரண்டு தடவையும் திரும்ப உள்ளே போனேன். இப்போதும் அப்படித்தான். நிலைகொள்ளாமல் இருக்கிறேன் என்பதையும் அவரிடமே சொல்கிறேன், ஆண்டவரிடம். கேட்டுக்கொள்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.