தேன் பெட்டிக்குள் போன கொம்புப் புழு

போன வியாழக்கிழமை காலை, மேரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே கீச்... கீச்... என்று சத்தம். எலிக்குஞ்சா என்று கேட்டேன்.

"எலி இல்ல பெரியப்பா. நீங்க வளர்த்த புள்ள," என்றாள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

கீழப்பழுவூர் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் எள்ளு. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன், சிமெண்ட் மூட்டை தூக்கி, லாரி ஓட்டி, லாரி வாங்கி, அப்புறம் வாங்கிய நிலம். இதை எத்தனை தடவைதான் சொல்வார் என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. கேட்கட்டும். இன்னும் சொல்வேன்.

எள்ளு பூத்திருந்த நேரம். ஒரு வாரத்தில் பல செடிகள் மொட்டை! பார்த்தால் என் விரலைவிடத் தடித்த பச்சைப் புழு. உடம்பில் சாய்ந்த கோடுகள், வாலில் வளைந்த கொம்பு. எங்கள் பக்கம் கொம்புப் புழு என்போம். மருந்தடிக்க ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து வரப்பில் மேரி இரண்டு தேனீப் பெட்டி வைத்திருக்கிறாள். போன வருஷம் யாரோ பூவிலேயே மருந்தடித்ததில் அவளுடைய தேனீ மொத்தமும் செத்தது. துடைப்பத்தால் கூட்டி அள்ளினாளாம். இந்த வருஷம் மறுபடியும் முதலிலிருந்து. என்னிடம் அவள் கெஞ்சவில்லை.

"அடிக்கிறதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க பெரியப்பா. நான் ஏலாக்குறிச்சில எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன். இன்னொரு தடவ அத கண்ணால பார்க்க முடியாது."

அதற்கு மேல் எப்படி மருந்தடிப்பது? கையால் பொறுக்குவது என்று இறங்கினேன். மூட்டை தூக்கிய கைக்குப் புழு ஒரு பாரமா? ஆனால் பச்சை இலையில் பச்சைப் புழு கண்ணில் படவே படாது. மேலே தேடினால் ஏமாந்தீர்கள். தரையைப் பார்க்க வேண்டும். மிளகு மிளகாகப் புழுக்கை கிடக்கும். அதற்கு நேர் மேலே துரை உட்கார்ந்திருப்பார். தொட்டால் பல்லைக் கடிப்பதுபோல 'டிக்' என்று ஒரு சத்தம் வேறு!

நாலு நாள் பொறுக்கினேன். முதுகு போனது, எள்ளு பிழைத்தது. பொறுக்கியதையெல்லாம் காக்கைகள் பார்த்துக்கொண்டன. ஒன்றை மட்டும் போட மனசு வரவில்லை. அவ்வளவு கம்பீரம். மண் நிரப்பிய தொட்டியில் விட்டு எள்ளுத் தழை போட்டேன். இரண்டு நாள் தின்றுவிட்டு மண்ணுக்குள் புதைந்தது. செத்ததென்றே நினைத்தேன்.

இருபது நாள் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அந்துப்பூச்சியாக எழுந்து வந்தது! கறுத்த மேல் இறக்கை, அடியில் மஞ்சள் இறக்கை, முதுகில் மண்டையோடு மாதிரி ஒரு முத்திரை. தொட்டால் கீச்சென்று கத்துகிறது. பூச்சி கத்தி நீங்கள் கேட்டதுண்டா? எமன் அனுப்பிய ஆள் என்று என் வீட்டுக்காரி உள்ளே ஓடிவிட்டாள். அன்று சாயங்காலம், பெற்ற பிள்ளையைப் பட்டணம் அனுப்புகிற பெருமையோடு பறக்க விட்டேன்.

அதுதான் இப்போது டப்பாவில். மேரி காலையில் பெட்டியைத் திறந்தால், அடை மேல் உட்கார்ந்து சாவகாசமாகத் தேன் குடிக்கிறதாம். சுற்றிலும் அத்தனை தேனீ... ஒன்றுகூடக் கொட்டவில்லையாம்.

தெரிந்த வேளாண்மை ஆபீசருக்கு போன் போட்டேன். இதன் உடம்பில் தேனீ வாசனையே இருக்கும், அதனால் தேனீக்கள் நம்ம ஆள் என்று விட்டுவிடும், இது குட்டையான தடித்த உறிஞ்சியால் மெழுகைக் குத்திக் குடிக்கும் என்றார்.

கொள்ளைக்காரன்தான். ஆனால் என்ன மூளை! சின்ன வயதில் ஒரு சிமெண்ட் ஃபேக்டரி கேட்டில் என்னை உள்ளேயே விடவில்லை. அடுத்த நாள் சிநேகிதனின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் ஆட்களோடு ஆளாக நடந்தேன். வாட்ச்மேன் சலாம் வைத்தார். என் முதல் மூட்டை அப்படித்தான் தூக்கியது. இதை மேரியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ரெண்டு திருடனும் நல்லாத்தான் இருக்கீங்க. என் பொட்டிக்கு வழி சொல்லுங்க," என்றாள்.

லாரி பாடி கட்டிய மிச்சத் தகரத்தை நானே வெட்டி, தேனீ மட்டும் நுழைகிற அளவுக்கு இரண்டு பெட்டிக்கும் வாசலைக் குறுக்கிக் கொடுத்தேன். பூச்சியை ஓடைக்கரைப் புதரில் விட்டேன். மேரி அம்மா வீட்டுக்குப் போகவில்லை.

நல்லவேளை... அந்தக் காலத்தில் ஃபேக்டரி கேட்டை யாரும் குறுக்கவில்லை.