சூடு தெரியாத கால்

என் அண்ணன் பாலை நிறுத்தியது பக்தியால் அல்ல, கோபத்தால். பலாங்கொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டின் பின்புறம் ஒரு பசு வளர்த்தோம். அதன் கன்று செத்தபோது அப்பா தோலை உரித்து, உள்ளே மானாப்புல்லைத் திணித்து, கறக்கும் நேரத்தில் பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. அதைப் பார்த்துவிட்ட அண்ணன், "இந்தப் பொழப்புக்குப் பால் ஊத்தாத சாயத்தண்ணியே போதும்" என்று டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

கறி, மீன், முட்டை அதற்கு முன்பே போயிருந்தன. பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினாலும், தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு அவன்தான் பூசாரி. இப்போது பாலும் தயிரும் நெய்யும் போயின. அபிஷேகத்துக்குப் பால் ஊற்றுவான். ஊற்றிய கையை உடனே கழுவிவிடுவான்.

"அண்ணே, ஆத்தாளே பால்ல குளிக்கிறா, ஒனக்கு என்ன?" என்று கேட்பேன்.

"நம்ம கன்னுக்குட்டிய ஆத்தா பாக்கல புள்ள" என்பான்.

பல வருடம் அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. பலாக்காய், பருப்பு, வல்லாரை, ரொட்டி. சளியும் காய்ச்சலும் எங்களுக்குத்தான். எழுபதுகளில் மாவும் அரிசியும் கிடைக்காமல் போனபோது லயமே மரவள்ளிக்கிழங்கில் உயிர்பிழைத்தது. எல்லோரும் அண்ணனின் விரதத்துக்குள் வந்துவிட்டோம், புண்ணியம் மட்டும் சேரவில்லை. எங்களுக்குக் கால் வீங்கியது. அவன் பாட்டுக்குக் கத்தியோடு மேட்டில் ஏறினான். "வாயக் கட்டுனா நோயக் கட்டலாம்" என்று அவன் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

பஞ்சம் ஓய்ந்த பிறகு அவனுக்கு ஆரம்பித்தது. நாக்கு சிவந்து வழவழவென்று ஆனது. முகம் வெளுத்தது. காலில் எறும்பு ஊர்கிறது என்றான். அப்புறம் செருப்பு கழன்றது தெரியாமலே வீடு வந்து சேர்ந்தான். கவ்வாத்து மலை செங்குத்து. கத்தியோடு சறுக்கினால் கதை முடிந்தது. அவன் மலையில் நிற்கும் நேரமெல்லாம் நான் கொழுந்து பறித்தபடியே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். தோட்டத்து டிஸ்பென்சரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"திருவிழா முடியட்டும் புள்ள."

தீமிதியில் எல்லோரும் பூக்குழியை ஓடிக் கடப்பார்கள். அண்ணன் அந்த வருடம் நடந்தான். தலையில் கரகத்தோடு நெருப்பின் நடுவில் நின்று, சனத்தைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகக் கரையேறினான். கரையில் கால் குளிர்வதற்காகப் பாலும் தண்ணீரும் ஊற்றிய சிறு குழி இருக்கும், பால்குழி. மற்றவர்கள் அதில்தான் போய் விழுவார்கள். இவன் பாலைத் தொடாதவன், சுற்றிக்கொண்டு போனான். பெண்கள் குலவை போட்டார்கள். "ஆத்தா நெருப்பப் பூவா மாத்திட்டா" என்று கைக்குழந்தைகளை அவன் காலடியில் போட்டு எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவிவிட உட்கார்ந்தேன். பாதத்தோல் வெந்து தொங்கியது. குதிகாலில் ஒரு கரித்துண்டு பதிந்து கிடந்தது. நான் அதைக் கிள்ளி எடுக்கிறேன், அவன் சாயத்தண்ணி கேட்கிறான்.

"ஆத்தா பூவாவும் மாத்தல, மண்ணாவும் மாத்தல. ஒனக்குக் கால் செத்துப்போச்சுண்ணே" என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன்.

சிங்கள டாக்டர் அவன் காலில் குண்டூசியால் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டார். சிங்களம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. எல்லாவற்றையும் சொன்னேன். கீரையும் பருப்பும் நல்ல சாப்பாடுதான், ஆனால் ஒரு சத்து மட்டும் அதில் கிடையாது என்றார். கறி, மீன், முட்டை, பாலில்தான் அது உண்டு. முன்பு சாப்பிட்டதை ஈரல் பல வருடம் சேர்த்து வைத்திருக்கும். இவனுக்கு அது தீர்ந்துவிட்டது. நான் அண்ணனுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப இவ்வளவு காலமும் அந்தப் பசுதான் என்னைய நடக்க வச்சிருக்கு" என்றான்.

ஊசி மருந்து சிவப்பாக இருந்தது. அண்ணன் கையை இழுத்துக்கொண்டான். "இரத்தம் புள்ள அது. செத்தாலும் வேணாம்."

"லே நெவெய்" என்று டாக்டர் சிரித்தார். இரத்தம் இல்லையாம், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை வளர்த்து அதிலிருந்து எடுக்கிறார்களாம். நான் எதையாவது கூட்டிச் சொல்கிறேனோ என்று அண்ணன் என் முகத்தையே பார்த்தான்.

"கிருமிக்குக் கன்னுக்குட்டி கெடையாதுண்ணே. கைய நீட்டு" என்றேன். நீட்டினான்.

மாதாமாதம் ஊசி போட்டோம். சாப்பாட்டை அவன் மாற்றவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. நாக்கு ஆறியது, முகம் தெளிந்தது, தீப்புண்ணும் ஆறியது. கால் மட்டும் மரத்தே கிடந்தது. உணர்ச்சி திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அடுத்த திருவிழாவில் நான் தடுத்தும் கேட்காமல் பூக்குழியில் இறங்கினான். சனம் போன வருடத்து அதிசயத்துக்காகக் காத்து நின்றது. நாலடி வைத்தவன் திடீரென்று ஓட்டம் பிடித்தான். குலவை பாதியில் நின்றது. கரகம் சாயச் சாய ஓடிவந்தவன் நேராகப் பால்குழிக்குள் குதித்தான்.

"பூசாரிக்கு விரதம் கெட்டுப்போச்சு போல" என்று என் பின்னால் யாரோ சொன்னார்கள்.

நான் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அவன் கணுக்கால் அளவு பாலில் நின்றிருந்தான். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எரியுது புள்ள. நல்லா எரியுது."

நானும் அழுதேன். அழுதுகொண்டே பாலைப் பார்த்தேன். அவனும் குனிந்து பார்த்தான்.

"குடிக்கலையே" என்றான்.