மதினி படிக்காமல் விட்ட பத்தி

மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து வைத்த கைபேசிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருக்கும். அதில் ஓர் ஆங்கிலப் பத்தி, அதற்கு மேலே குறைந்துகொண்டே போகும் நேரம். ஒரு கையால் குழம்பைக் கிண்டியபடி மதினி அந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருப்பாள். உதடுகள் அசையும். நேரம் முடிந்து கைபேசி கத்தும்போது பாதியில்தான் நிற்பாள். "கதம்", முடிந்தது, என்று இந்தியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சத்தத்தை நிறுத்துவாள். ஆனால் மிச்சத்தையும் படித்து முடித்த பிறகுதான் அடுப்பை அணைப்பாள்.

மதினி என் அண்ணனின் மனைவி. தென்காசிப் பக்கத்துக் கிராமம், தமிழ் வழியில் பி.காம். கல்யாணமாகித் தாராவியில் எங்கள் மாடி வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் சொந்தமாகத் தோல் பை தைத்துக்கொண்டிருந்தான். பிறகு ஆர்டர்கள் குறைந்து, இயந்திரங்களை விற்றுவிட்டு, இன்னொருவர் பட்டறையில் வேலைக்குப் போக ஆரம்பித்தான். வேலை இருந்தால் கூலி, இல்லையென்றால் இல்லை. மதினி வங்கி எழுத்தர் தேர்வுக்குப் படிக்கப்போகிறேன் என்றாள். நானும் அப்போது பட்டம் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். இருவருமாகத் தாதரில் ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தோம்.

கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளைக் கவிழ்த்ததெல்லாம் ஆங்கிலப் பகுதியில் வரும் பத்திகள்தான். ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்பார்கள். நேரம் முடிந்ததும் திரை தானாகவே அடுத்த பகுதிக்குத் தாவிவிடும். எங்கள் மராட்டி மாஸ்டர் ஒரே பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: முதலில் கேள்வியைப் பார், பிறகு பத்தியில் பதிலை மட்டும் தேடு, கிடைக்கவில்லையென்றால் "ஆகே படோ". முன்னே போ. மேசையைத் தட்டித் தட்டி அவர் சொல்லும் அந்த ஆகே படோ வகுப்பு முழுவதற்கும் பிடிபட்டது, மதினிக்கு மட்டும் இல்லை. அவளுக்கு எதையும் பாதியில் விட வராது. கேள்வியை முதலில் பார்த்தாலும், பத்திக்குள் போனால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். பதில் எந்த வரியில் இருந்தது என்று தேடி மறுபடியும் மேலே போவாள். அங்கேயே நேரம் கரைந்துவிடும்.

முதல் தடவை தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோது, எப்படி எழுதினீர்கள் என்று கேட்டேன். பத்தி ஏதோ வறண்ட ஊரில் கிணறு வெட்டுவதைப் பற்றியது. "ஏட்டி, அந்த ஊர்ல கடைசில தண்ணி வந்துச்சா இல்லையான்னு அவன் சொல்லவே இல்லையே," என்றாள். எனக்குக் கிணறு இருந்ததே நினைவில்லை. எனக்கு வேண்டிய சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு ஓடியிருந்தேன். அந்த முறை இருவருமே தேறவில்லை. அடுத்த முறையும் இல்லை.

அதற்கடுத்த ஆண்டு மதினி உண்டானாள். பிள்ளை குறைமாதத்தில் பிறந்தது. பெண். சில நாட்கள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மதினி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தே இருந்தாள். நர்ஸ் சொல்லும் நேரத்துக்குப் பிள்ளையை வாங்கி நெஞ்சோடு போட்டுக்கொள்வாள். பிறகு ஒரு நாள் காலையில் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வருவதற்குள், பிள்ளைக்கென்று எடுத்து வைத்திருந்த பழைய புடவைத் துணிகளை அம்மா எங்கேயோ ஒளித்துவிட்டாள். அந்த வீட்டில் ஒளிக்க இடமேது? மதினி பார்த்திருப்பாள். கேட்கவில்லை. கொஞ்ச நாளில் கைபேசியைப் பழையபடி டப்பாவில் சாய்த்துவைத்துப் படிக்கத் தொடங்கினாள். வயது வரம்பின்படி அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

இந்த முறை அவள் மாஸ்டரின் வழியை விட்டுவிட்டாள். மூன்று பத்தி வந்தால் இரண்டை மட்டும் தன் போக்கில், நிதானமாக, ஒரே தடவை படிப்பது. திரும்ப மேலே போகக் கூடாது. மூன்றாவதைத் திறக்கவே கூடாது. "அது எப்படி மதினி, அவ்வளவு மார்க்கை அப்படியே விட்டுட்டு வருவீங்க?" என்று சண்டை போட்டேன். "திறந்தா உள்ள போயிருவேன். திறக்கலன்னா தப்பிச்சேன். என்னைய எனக்குத் தெரியாதா?" என்றாள்.

தேர்வு மையம் பாண்டுப் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. எனக்கும் அங்கேதான். ஆங்கிலப் பகுதியைத் திறந்தேன். முதல் பத்தி, குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பராமரிப்பது பற்றியது. திரையிலிருந்து தலையைத் தூக்கினேன். நான்கு வரிசை முன்னால் மதினியின் முதுகு தெரிந்தது. அவள் அசையவில்லை. எழுந்து போய்விடுவாளோ என்று நினைத்தேன். பிறகு தலை லேசாகச் சாய்ந்தது. விரல் எதையோ அழுத்தியது. அதற்குமேல் அவளைப் பார்க்க எனக்கு நேரமில்லை. என் பத்தியை எப்படிப் படித்தேன், என்ன எழுதினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது.

திரும்பி வரும் ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. காட்கோபர் தாண்டியதும் மதினி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மொத வரியில அந்த வார்த்தையப் பாத்தேன். அடுத்ததுக்குப் போயிட்டேன். மத்த ரெண்டையும் நல்லாப் படிச்சு எழுதினேன். கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்துச்சு. திரும்பி வந்து அந்தக் கேள்விய மட்டும் போட்டேன்."

"பத்தியப் படிக்காமலா?"

"அதுல படிக்க என்னட்டி இருக்கு? பெட்டிக்குள்ள சூடு ஏன் வேணும், தாய் நெஞ்சுல ஏன் போட்டு வைக்கணும், எப்ப பால் கொடுக்கணும். அதத்தான் கேட்டுருந்தான். எல்லாம் எனக்குத் தெரியும்."

பக்கத்தில் ஒருத்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மதினி குனிந்து, அவள் காலடியில் விழுந்த தண்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தாள். சயானில் இறங்கும்போது என் கையைப் பிடித்து, "உங்க அண்ணன்கிட்ட இதச் சொல்லாத," என்றாள். நான் சொன்னதில்லை.

அவள் முதல் கட்டத்தில் தேறினாள். அடுத்த கட்டத்திலும் தேறினாள். நான் தேறவில்லை. முடிவு வந்த அன்று அண்ணன் இனிப்பு வாங்கி வந்தான். அம்மா அழுதுகொண்டே தெருவெல்லாம் கொடுத்தாள். மதினி எல்லாருக்கும் டீ போட்டாள், டம்ளர்களைக் கழுவினாள், படுத்துக்கொண்டாள். ஜெயித்தவள் மாதிரி இல்லை, நெடுந்தூரம் நடந்து வந்தவள் மாதிரி தூங்கினாள்.

வருடங்கள் ஓடிவிட்டன. மதினிக்கு உள்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் முதல் வேலை, அங்கே தனியாக ஒரு வாடகை அறை, பிறகு ஒரு மகன், பிறகு செம்பூர்க் கிளை. இப்போது அங்கேயே வீடு. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் நாள் முழுவதும் அடுத்தவர்களின் மருத்துவக் காகிதங்களைப் புரட்டுகிறேன். அங்கேயும் ஒரு கோப்புக்கு இவ்வளவு நேரம்தான் என்று கணக்கு உண்டு. பொறுக்கிப் படிக்கும் என் பழைய பழக்கம் அங்கே பயன்படுகிறது. மாலையில் கண் எரிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி வீட்டுக்குப் போயிருந்தேன். பதவி உயர்வுத் தேர்வுக்கு அறிவிப்பு வந்திருக்கிறதாம். அண்ணன் சொன்னான். அவளுக்குத் தகுதி இருக்கிறது, விண்ணப்பிக்கத்தான் மாட்டேன் என்கிறாளாம். "ஆபீசராகலாம் மதினி. பத்திதானே? உங்களுக்குத்தான் இப்ப பாதியில விட்டுட்டுப் போறது கைவந்துருச்சே," என்றேன்.

மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்தாள். "ஆமா, வந்துருச்சு. கவுண்டர்ல நிக்கிற ஆள் பாதி சொல்லும்போதே எனக்கு மீதி தெரிஞ்சிருது. அடுத்த ஆளக் கூப்பிட்டுருதேன். மவன் ஸ்கூல்ல நடந்ததச் சொல்ல வந்தாலும் பாதியிலயே என் மனசு அடுத்த வேலைக்குப் போயிருது. இதுக்கு மேல இன்னும் நல்லா வர வேண்டாம்."

அண்ணன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். மகன் உள்ளறையிலிருந்து ஓடி வந்து, எதிர்வீட்டு நாய் செருப்பைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொல்ல ஆரம்பித்தான். நீளமான கதை. நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து மறுபடியும் தொடங்கினான். மதினிக்குக் கண் சொக்கியது. சுவரில் சாய்ந்து, இமைகளைப் பிடித்து நிறுத்தியபடி, "ம், பொறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.