உப்புப் பார்க்க ஒரு நாக்கு

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்கு உப்பக்கா என்றுதான் பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் காதில் விழும்.

அந்தச் சமையலறையில் வருடம் முழுக்க யாராவது ஒருவர் பட்டினி. நோன்பு மாதம் வந்தால் தலைமைச் சமையல்காரரான பாய் பகலில் பச்சைத் தண்ணீர் தொடமாட்டார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் காய் நறுக்கும் தங்கச்சிக்கு மாலை வரை வெறும் வயிறு. முழுநிலா நாளில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர் மதியத்துக்கு மேல் எதையும் மெல்லமாட்டார். உப்பக்காவோ எல்லாச் சாமியையும் கும்பிடுவாள், எந்தச் சாமிக்காகவும் பட்டினி கிடக்கமாட்டாள். "எனக்கும் விரதத்துக்கும் ஏழாம் பொருத்தம்" என்பாள். ஆகவே உப்புப் பார்க்கும் உத்தியோகம் அவளுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் பட்டினி கிடப்பவர்கள் எதிரில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார அவளுக்குக் கூச்சம். உப்புப் பார்ப்பதோடு சரி. பாய் பெரிய கரண்டி நிறைய மொண்டு, சோற்றையும் அதில் போட்டு நீட்டுவார். "நல்லாப் பாருங்க அக்கா, இன்னொரு கரண்டி பாருங்க."

இந்த வருடம் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்தன. அதில் ஒரு வெள்ளிக்கிழமை, உப்பக்காவின் மகள் மேல்மாடிப் பிரசவ வார்டில் வலியோடு கிடந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இதுவாவது நல்லபடியாகப் பிறக்கட்டும், பொழுது சாயும்வரை பல்லில் தண்ணீர் படாது என்று உப்பக்கா வேண்டிக்கொண்டாள். இத்தனை வருடம் பீற்றிக்கொண்டவளாயிற்றே, வெளியே சொல்ல வெட்கம்.

வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி கிளம்பும் நேரம். பாய் கரண்டியை நீட்டினார். "அக்கா, உப்பு."

அவள் கரண்டியை வாங்கவில்லை. சரியாக இருக்கிறது என்று வாய்கூசாமல் சொல்லிவிடலாம். ஆனால் நோயாளிகள் சாப்பிடும் குழம்பாயிற்றே! அந்தப் பாவம் வேறு மகள் தலையில் விடிய வேண்டுமா?

"பாய், நான் இன்னிக்கு விரதம்" என்று போட்டு உடைத்தாள்.

"நீங்களா? இன்னிக்கு மழை கொட்டப்போகுது!" என்று தங்கச்சி சிரித்தாள். "மகளுக்காக" என்றதும் அவள் சிரிப்பு நின்றது.

பாய் ஒரு சொட்டை நுனிநாக்கில் வைத்துப் பார்த்தார், தொட்டியில் துப்பினார், வாயைக் கொப்பளித்தார். ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

"ஐயையோ, உங்க நோன்பு!"

"விழுங்கலையே அக்கா. சமைக்கறவனுக்கு இவ்வளவு உண்டு."

அதற்குள் மருமகன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அத்தை, பொண்ணு பொறந்திருக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!" உப்பக்கா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

கொஞ்சம் அடங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஏன் பாய், நாக்குல வெச்சுத் துப்பினாப் போதும்னா, இத்தனை வருஷமா என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பாய் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எங்க முன்னாடி நீங்க சாப்பிட மாட்டீங்களே அக்கா. வேற எப்படி உங்களுக்குச் சோறு போடறது?"